டஃபிக்கு ஒரு வக்காலத்து

1994 ஆகஸ்டில் வெளியான 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தைப் பற்றி இன்றைக்கும் நாலு பேர் பேச உட்கார்ந்தால், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "எல்லாம் சரி, கடைசியில நாய் வந்து கல்யாணத்தை நிறுத்துதே, சுத்தமா காதுல பூ." மற்றவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். படத்தைப் பத்து தடவை பார்த்தவரும், பாதியில் எழுந்து போனவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் கதையை இழுத்தாயிற்று, பதினான்கு பாட்டும் போட்டாயிற்று. முடிக்கத் தெரியாமல் இயக்குநர் சூரஜ் பர்ஜாத்யா ஒரு வெள்ளை நாயின் வாயில் கடிதத்தைத் திணித்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதி முப்பது வருடம் தாண்டிவிட்டது. மேல்முறையீடு செய்ய ஆளில்லை. நான் செய்கிறேன்.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. ராஜேஷ் அண்ணன், பிரேம் தம்பி. பூஜா அக்கா, நிஷா தங்கை. ராஜேஷுக்கும் பூஜாவுக்கும் பெரியவர்கள் பார்த்துக் கல்யாணம் நடக்கிறது. அந்தக் கல்யாணச் சந்தடியில் தம்பியும் தங்கையும் காதலிக்கிறார்கள். சல்மான் கானும் மாதுரி தீட்சித்தும் அடிக்கிற லூட்டிதான் படத்தின் முதல் பாதி. பூஜாவுக்குக் குழந்தை பிறக்கிறது. தங்கையின் காதல் பூஜாவுக்குத் தெரியவருகிறது. அவளுக்குச் சந்தோஷம், தானே முடித்துவைப்பதாக ஒரு நெக்லஸையும் கொடுக்கிறாள். பெரியவர்களிடம் சொல்வதற்குள் மாடிப்படியில் விழுந்து இறந்துபோகிறாள். கைக்குழந்தைக்குத் தாய் வேண்டும் என்று இரண்டு குடும்பமும் கூடி, நிஷாவை ராஜேஷுக்குக் கட்டிவைக்க முடிவெடுக்கிறது. பேச்சு தனக்கும் பிரேமுக்கும்தான் என்று நினைத்து நிஷா சம்மதம் சொல்கிறாள். மாப்பிள்ளை யார் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு அவளும் வாய் திறக்கவில்லை, பிரேமும் திறக்கவில்லை.

இப்போது கல்யாண நாள். நிஷா கடிதம் எழுதுகிறாள். நெக்லஸையும் சேர்த்து, பிரேமிடம் கொடுக்கச் சொல்லி வீட்டு நாய் டஃபியிடம் கொடுத்து அனுப்புகிறாள். வீட்டு வேலைக்காரன் லல்லு கிருஷ்ணன் சிலை முன்னால் கண்ணீர் விடுகிறான். டஃபி சிலையைப் பார்க்கிறது. பிறகு பிரேமிடம் போகாமல் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் ராஜேஷிடம் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவன் படிக்கிறான். கல்யாணத்தை நிறுத்தித் தம்பியை அந்த இடத்தில் உட்காரவைக்கிறான்.

கேலி செய்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. டஃபி சொன்னபடி கேட்டிருந்தால், கடிதம் பிரேமிடமே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஒன்றும் நடந்திருக்காது. நிஷா தன்னைக் காதலிப்பது பிரேமுக்குக் கடிதம் வந்துதான் தெரிய வேண்டுமா? அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அண்ணனுக்காக விட்டுக்கொடுக்கிறான். அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுதிருப்பான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குப் போய் அண்ணனின் தலைப்பாகையைச் சரிசெய்திருப்பான். பதினைந்தாவதாக ஒரு சோகப் பாட்டு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அந்த வீட்டில் விஷயம் தெரியாமல் இருந்தவர்களில், தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் ராஜேஷ். ஆக, அந்தக் கடிதத்துக்கு உண்மையான முகவரி ஒன்றே ஒன்றுதான். எழுதியவளுக்கே அது தெரியவில்லை, நாய்க்குத் தெரிந்தது. இதை லாஜிக் ஓட்டை என்கிறார்கள்! படத்திலேயே லாஜிக் இறுக்கமாக இருக்கிற இடம் இதுதான்.

"சரி, ஆனால் ஒரு மனிதன் சொல்லியிருக்கலாமே, நாய் எதற்கு?" என்பது அடுத்த வாதம். யார் சொல்லியிருக்கலாம் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பூஜா சொல்லியிருப்பாள், அவளைத் திரைக்கதை கொன்றுவிட்டது. நிஷா சொன்னால் அக்கா குழந்தையை அநாதையாக்கியவள் என்ற பேர். பிரேம் சொன்னால் தாய் தகப்பன் இல்லாத தன்னை வளர்த்த சித்தப்பாவுக்கும் அண்ணனுக்கும் துரோகம். லல்லுவுக்குத் தெரியும், ஆனால் அவன் அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவன். பிரேம் அவன் வாயைக் கட்டிவிடுகிறான். எஜமான் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி வேலைக்காரன் அபிப்பிராயம் சொல்கிற வழக்கம் எந்தப் பணக்கார வீட்டிலும் கிடையாது. பெரியவர்களோ, நல்லதைச் செய்கிறோம் என்ற நம்பிக்கையில் பத்திரிகை அடித்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் ஒருவர்கூடக் கெட்டவரில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆசைக்கு ஒரு வம்புக்காரி மாமி உண்டு; அவளும் கதையைத் திருப்புகிற வில்லி அல்ல. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் மற்றவருக்காக விட்டுக்கொடுக்கிறவர்கள், அதனாலேயே ஒரு தவறான கல்யாணம் கடகடவென்று நடந்துமுடியப் போகிறது. தியாகம் என்ற ஒன்றை எட்டு பேர் ஒரே நேரத்தில் செய்ய ஆரம்பித்தால் உண்மையைச் சொல்ல ஆள் மிஞ்சாது. அப்போது மிஞ்சுவது யார்? குடும்ப கௌரவம் தெரியாத, நன்றிக்கடன் தெரியாத, 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற கவலை இல்லாத, ஆனால் குடும்பத்தில் ஒருவராகவே இருக்கிற ஒரு ஜீவன். அதை நாய் என்கிறோம்.

இதை இயக்குநர் கடைசி நேரத்தில் அவசரத்துக்குப் பிடித்துப் போட்டார் என்று சொல்பவர்கள் படத்தின் தொடக்கத்தை மறுபடி பார்க்கட்டும். வீட்டில் கிரிக்கெட் நடக்கிறது. சித்தப்பா, பிள்ளைகள், வேலைக்காரன், குடும்ப நண்பர் என்று எல்லோரும் ஆடுகிறார்கள். அம்பயர் யார்? டஃபி. ஆளாளுக்குக் கத்துவார்கள், பேச்சு நாயிடம் போகும், அதன் முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். குழந்தைகளைச் சிரிக்கவைக்கப் போட்ட காட்சி என்றே எல்லோரும் அதைக் கடந்துபோகிறோம். இந்த வீட்டில் கட்சி சேராமல் அவுட், நாட்அவுட் சொல்லக்கூடியவர் யார் என்பதை இயக்குநர் முதலிலேயே அறிவித்துவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து அதே அம்பயர் ஒரு கல்யாணத்துக்கு விரலைத் தூக்குகிறார். இதற்குமேல் எப்படிச் சொல்லிவைப்பது?

'தெய்வச் செயல்' என்ற குற்றச்சாட்டும் உண்டு. கிருஷ்ணன் சிலையைப் பார்த்துவிட்டுத்தானே நாய் வழி மாறுகிறது, அப்படியென்றால் இது பக்திப்பட வித்தைதானே என்கிறார்கள். முதலில், அங்கே இருக்கிற சாமி யார் என்று பார்க்க வேண்டும். பாகவதத்தில் ருக்மிணி கதை நமக்குத் தெரிந்ததுதான். அண்ணன் ருக்மி அவளைச் சிசுபாலனுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பிராமணர் மூலம் கிருஷ்ணனுக்குச் செய்தி அனுப்புகிறாள். நிச்சயித்த கல்யாணத்தைச் செய்தி ஒன்று நிறுத்துகிற கதைக்கு நம் மரபில் இதைவிடப் பெரிய முன்னுதாரணம் இல்லை. செய்தி போய்ச்சேர்ந்து, வந்து தேரில் தூக்கிக்கொண்டு போன ஆசாமியின் சிலையைத்தான் பர்ஜாத்யா அங்கே வைத்திருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தேர் வேண்டியிருக்கவில்லை, போரும் வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் கடிதம் கிடைத்தது மாப்பிள்ளைக்கே.

இரண்டாவது, அந்த அற்புதத்தின் அளவைப் பாருங்கள். யார் மனதையும் தெய்வம் மாற்றவில்லை. யாருக்கும் கனவில் வந்து சொல்லவில்லை. இந்த வீட்டுத் தபால் அடுத்த வீட்டுக் கதவில் செருகப்பட்டதுபோல ஒரு முகவரி மாறியது, அவ்வளவே. மிச்சத்தை ராஜேஷ் என்ற மனிதன் தன் சொந்தப் புத்தியால் செய்கிறான். படித்துவிட்டு அவனும் தியாகிகள் சங்கத்தில் சேர்ந்து, கடிதத்தைக் கிழித்துப்போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. அதைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவது ராஜேஷுக்குச் செய்கிற அநியாயம்.

நாய் இல்லாமல் இதே கதையை எடுக்க முடியாதா? எடுத்திருக்கிறார்கள், இந்தப் படத்தைத் தயாரித்த அதே ராஜ்ஸ்ரீ நிறுவனம்தான். 1982இல் வந்த 'நதியா கே பார்' இதன் மூத்த அவதாரம். கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமம், மாட்டுவண்டி, ஆறு. ஓம்கார் அண்ணன், சந்தன் தம்பி, குஞ்ஜா அந்தப் பெண். அங்கே நாய் தூது இல்லை. உண்மை மனிதர்கள் வழியாகவே அண்ணனுக்குத் தெரியவருகிறது. அது சாத்தியம், ஏனென்றால் அது சின்ன வீடு. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் முகம் வாடினால் அடுத்தவருக்குத் தெரியும். பங்களாவும் நூறு விருந்தாளிகளும் வந்தபிறகு வாடிய முகத்தை யார் பார்ப்பது? கூட்டம் பெருகப் பெருக ரகசியம் பத்திரமாகிவிடுகிறது. 1994இன் குடும்பத்துக்கு நாய் தேவைப்பட்டதும், 1982இன் குடும்பத்துக்குத் தேவைப்படாமல் போனதும் இதனால்தான்.

இன்னும் பின்னால் போகலாம். இரண்டு படங்களுக்கும் மூலம் கேசவ் பிரசாத் மிஸ்ராவின் 'கோஹ்பர் கி ஷர்த்' என்ற இந்தி நாவல். அந்த நாவலில் கல்யாணம் நிற்கவில்லை. குஞ்ஜா மூத்தவனுக்கே மனைவியாகிறாள். யாரும் யாரிடமும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாழ்க்கை தருகிற பதில் அது. நாவலாசிரியர் அதை அப்படியே எழுதிவிட்டார். நாய் வருகிற முடிவைக் காதில் பூ என்பவர்கள், நாய் வராத முடிவு என்ன என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். அந்த முடிவோடு எத்தனை பெண்கள் நம் குடும்பங்களில் குழந்தை வளர்த்துக் கிழவியானார்கள் என்பது வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அக்கா இறந்தால் தங்கையைக் கட்டிவைப்பது இந்திக்காரர்கள் கண்டுபிடித்த வழக்கம் இல்லையே.

இதுவரை கேலிக்காரர்களிடம் பேசினேன். படத்தைக் கொண்டாடுபவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. 'அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம், பெரியவர்களுக்கு மரியாதை, இப்போது எங்கே இருக்கிறது?' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இவர்கள். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது கிடைத்ததையும் கூடவே நினைவூட்டுவார்கள். இவர்களும் டஃபியை அலங்காரமாகத்தான் பார்க்கிறார்கள்: பூஜை அறை, ஊஞ்சல், லட்டுத் தட்டு, நாய்க்குட்டி. ஆனால் அந்த நாயை எடுத்துவிட்டால், இவர்கள் கொண்டாடுகிற கூட்டுக் குடும்பம் தன் பாட்டுக்கு நடந்து எங்கே போய் நிற்கும்? மனமில்லாத ஒரு பெண்ணை மேடையில் உட்காரவைத்து, பக்கத்தில் காதலனையே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவைக்கும். அவ்வளவு அன்பும் மரியாதையும் சேர்ந்து உற்பத்தி செய்த முடிவு அது. படம் அந்தக் குடும்பத்தை ஆசையோடு காட்டுகிறது என்பதில் சந்தேகமில்லை. அதே படம், இந்தக் குடும்பத்தால் ஒரு உண்மையைக்கூடத் தானாகப் பேச முடியாது என்றும் காட்டுகிறது. பர்ஜாத்யா அதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

நாய்த் தூது என்றாலே சிறுபிள்ளைத்தனம் என்பவர்கள், அன்னம், கிளி, மேகம், வண்டு என்று தூது விட்ட இலக்கியத்தைப் படித்து வளர்ந்த தமிழர்களாக இருப்பதுதான் வேடிக்கை. புகையிலையைக்கூடத் தூது விட்டிருக்கிறோம். போன இடத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத மேகத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு, சீட்டைக் கவ்விக்கொண்டு ஓடுகிற நாய் மட்டும் எப்படிப் பொருந்தாமல் போயிற்று?

மிருகங்களை வைத்துப் படமெடுப்பதில் நம்மூர் சாண்டோ சின்னப்பா தேவர் இந்திக்காரர்களுக்கே வழிகாட்டியவர். அவருடைய 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) யானை, பிரிந்த குடும்பத்தை ஒன்றுசேர்க்கத் தன் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. 'தேரி மெஹர்பானியாங்' (1985) நாய் எஜமானைக் கொன்றவர்களைத் தேடிப்போய்ப் பழிவாங்கியது. சாவதும் கொல்வதும்தான் சினிமாவில் விசுவாசமான மிருகத்தின் வேலை என்று இருந்த இடத்தில், டஃபி யாரையும் கடிக்கவில்லை, செத்துப்போய் நம்மை அழவைக்கவும் இல்லை. சும்மா ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது. பழிவாங்கிய நாயை நம்பினார்கள், கடிதம் கொண்டுபோன நாயை நம்ப மறுக்கிறார்கள். இரண்டில் எது அசல் நாய் செய்யக்கூடிய வேலை என்று நாய் வளர்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

நாய் ஜோடி சேர்த்துவைக்கிற இந்த வகைக்கே மூத்த பிள்ளை லண்டனில் இருக்கிறது. டிஸ்னியின் 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' 1961இல் வந்த கார்ட்டூன் படம். பாங்கோ என்ற புள்ளி நாய் ஜன்னலில் உட்கார்ந்து, பாட்டெழுதிப் பிழைக்கும் தன் எஜமானன் ரோஜருக்குப் பெண் தேடுகிறது. தெருவில் போகிற பெண்களையும் அவர்கள் பிடித்துப்போகிற நாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கட்டுகிறது. கடைசியில் அனிதாவும் அவளுடைய பெர்டிட்டாவும் வருகிறார்கள். உடனே பாங்கோ கடிகார முள்ளைத் தள்ளி வைத்து, உலாவப் போகிற நேரம் வந்துவிட்டதாக ரோஜரை நம்பவைத்துப் பூங்காவுக்கு இழுத்துப்போகிறது. அங்கே இருவர் காலையும் சங்கிலியால் சுற்ற, இருவரும் குளத்தில் விழுகிறார்கள். டோடி ஸ்மித்தின் மூல நாவலில் (1956) இந்தக் கலாட்டா கிடையாது. நாய்களும் மனிதர்களும் கல்யாணமான ஜோடிகளாகவே அறிமுகமாகிறார்கள். படமாக்கியவர்கள் சேர்த்ததுதான் இந்தத் தரகு வேலை. அதைச் சேர்த்ததால் படம் கெட்டுவிட்டது என்று சொன்ன யாரையும் நான் படித்ததில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. ரோஜருக்கும் அனிதாவுக்கும் இருந்த பிரச்சினை, அறிமுகம் செய்துவைக்க யாருமே இல்லை என்பது. பிரேமுக்கும் நிஷாவுக்கும் இருந்த பிரச்சினை, சுற்றிலும் ஆட்கள் அதிகம் என்பது. லண்டன் நாய் தனிமையை உடைத்தது, இந்தி நாய் கூட்டத்தின் மௌனத்தை உடைத்தது. பாங்கோ சுயநலத்துக்குச் செய்தது, தனக்கும் ஜோடி வேண்டுமே. டஃபிக்கு அதுகூட இல்லை.

நாய் மனிதர்களைச் சேர்த்துவைப்பதெல்லாம் சினிமாவில்தான் என்பதும் தப்பு. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்னிகோலஸ், கோலிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆளை நாயோடும் நாயில்லாமலும் வெளியே அனுப்பி, எத்தனை பேர் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தானாகப் போய் யாரிடமும் வாலாட்டாதபடி பழக்கிய நாய் அது. இருந்தும் நாயோடு போனபோது முன்பின் தெரியாதவர்கள் கூடுதலாக நின்று பேசினார்கள். அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு போனபோதும் அப்படித்தான்.

ஒட்டுமொத்த நாய்ப்படங்களுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 'மஸ்ட் லவ் டாக்ஸ்' (2005) என்று ஓர் அமெரிக்கப் படம் உண்டு. இணையத்தில் வரன் தேடும் விளம்பரத்தில் 'நாய்களைப் பிடிக்க வேண்டும்' என்று நிபந்தனை. சந்திக்க வருகிற இருவருமே இரவல் நாயோடு வருகிறார்கள். இந்த ஒரு நகைச்சுவைக்கு மேல் நாய்க்கு அங்கே வேலை கிடையாது. தலைப்பிலிருந்து நாயை எடுத்துவிட்டுப் பூனையைப் போட்டாலும் கதை நகரும். அதைக் கேலி செய்யுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். இன்னொரு பக்கம் 'தில் தடக்னே தோ' (2015). பணக்காரக் குடும்பம் ஒன்று கப்பலில் போகிறது. வீட்டு நாய் புளூட்டோ ஆமிர் கானின் குரலில் மனிதர்களின் கபடத்தைப் பற்றி வியாக்கியானம் செய்துகொண்டே வருகிறது. அதை ரசித்த அதே நண்பர்கள்தான் டஃபியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நட்சத்திரக் குரலில் தத்துவம் பேசினால் நாய் உத்தியாகிவிடுகிறது, பேசாமல் காரியத்தைச் செய்தால் காதில் பூ. டஃபிக்குக் குரல் கொடுக்க ஒரு கான் கிடைக்காமல் போனதுதான் அதன் குற்றம்போல.

இந்த வகைப் படங்கள்மீது நிற்கக்கூடிய புகார் ஒன்றே ஒன்று இருக்கிறது, ஆனால் அதைக் கேலிக்காரர்கள் சொல்வதில்லை. படம் ஓடினால் அந்த இன நாய்க்குக் கிராக்கி ஏறும். 1996இல் டால்மேஷியன் கதையை நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தபோது, அமெரிக்காவில் ஆசைப்பட்டு வாங்கப்பட்ட புள்ளி நாய்கள் பல, பிறகு காப்பகங்களில் கொண்டுவந்து விடப்பட்டன. அந்த இனத்துக்கு ஓட இடம் வேண்டும், அதில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு; படத்தில் அதெல்லாம் சொல்லவில்லை. டஃபியின் இனமான, நம்மூரில் பொமரேனியன் என்று நாம் கூப்பிடுகிற இந்தியன் ஸ்பிட்ஸுக்கும் தொண்ணூறுகளில் இப்படி ஒரு மவுசு இருந்தது. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் நாள் முழுக்கக் குரைத்துக்கொண்டிருந்த எத்தனையோ டஃபிகள் கடிதம் கொண்டுபோகப் பழகியவை அல்ல.

எனவே படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள், கடைசிக் காட்சியில் நாயைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டு, சுற்றி நிற்கிற மனிதர்கள் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பார்த்து முடித்ததும் குழந்தை நாய்க்குட்டி வேண்டும் என்று அடம்பிடித்தால், அது பன்னிரண்டு பதினைந்து வருடம் உங்களோடு இருக்கப்போகிற உயிர் என்பதை யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.